பொத்தான் இல்லாத உடுப்பு

பரமத்தி வேலூரில் கண்ணாத்தாளின் தையல் கடை வாசலில் நாச்சிமுத்து வந்து நின்றபோது அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அறுந்த நுனி நாக்கில் ஒட்டிக்கொண்டது. துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பினால் அது நூலுக்காக இல்லை என்று அவனுக்கும் தெரிந்துவிடும். விழுங்கிவிட்டாள்.

"என்ன அம்மிணி, சௌக்கியமா?" என்றான்.

"இருக்கறனுங்க."

பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற கேள்வி அது. ஆளுக்கு நல்ல தொப்பை போட்டிருந்தது. கழுத்தில் சங்கிலி, கையில் தங்கச் செயின் போட்ட கடிகாரம், மீசை மட்டும் பழைய மீசை. திருச்செங்கோட்டில் மாமனார் விட்டுப்போன போர்வெல் ரிக் வண்டிகள் அவனுக்காகப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தன. அது போதாதென்று, போன வருஷம் பெங்களூரிலிருந்து வீடியோ கேம் மிசின்களை வாங்கி வந்து அங்கேயே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பையன்களில் பாதிப் பேர் அங்கேதான் கிடக்கிறார்கள் என்று பரமத்தி வேலூர் வரைக்கும் பேச்சு வந்திருந்தது.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத. அதெல்லாம் வயசுக் கோளாறு" என்றான், அவள் என்னவோ அவனிடம் கைமாற்றுச் சர்க்கரை வாங்கித் திருப்பித் தராதவள் போல. பிறகு சுருட்டி வைத்திருந்த ஒரு படத்தைத் தையல் மேசை மேல் விரித்தான். மிசினின் பக்கவாட்டிலிருந்து பக்குவமாக உரித்தெடுத்த படம்.

கண்ணாத்தாள் குனிந்து பார்த்தாள். தலையில் இரண்டு பக்கமும் விரிந்த கொம்பு வைத்த தொப்பி. முகத்துக்குப் பதிலாக இன்னொரு முகம்: இரும்பு மூக்கு, இளித்த பல், தொங்கு மீசை. தோளிலிருந்து இரண்டு பலகை மாதிரித் தொங்கியது; உற்றுப் பார்த்தால் பலகை இல்லை, சின்னச் சின்னப் பட்டைகளைச் சிவப்புக் கயிற்றால் கோத்து வரிசை வரிசையாக அடுக்கியது. நெஞ்சிலும் அப்படியே, இடுப்புக்குக் கீழும் அப்படியே. காலுக்குப் பாவாடையா கால்சட்டையா என்று சொல்ல முடியாத அகலத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு துணி.

"ஜப்பான் தேசத்துல அந்தக் காலத்துப் போர்வீரனாமா. சாமுராய்னு பேரு" என்றான் நாச்சிமுத்து. "நம்ம கேம்ல கடைசியா வாரவன் இவந்தான். இதுவரைக்கும் ஒரு பயலும் இவனக் கொன்னதில்ல. பசங்க இவனுக்குக் கொம்பன்னு பேரு வெச்சிருக்கறானுக. ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையத்துல கொட்டாய் போட்டு, ஜெனரேட்டர் வெச்சு, மிசினு ஓட்டப் போறேன். கொட்டாய் வாசல்ல கொம்பன் உசுரோட நிக்கோணும். கூத்துக்காரங்களுக்கெல்லாம் நீதான் உடுப்புத் தெக்கறயாமா. இதே மாதிரி, அச்சு அசலாத் தெச்சுக் குடு."

"ஆரு போட்டுக்கறதுங்க?"

"வேற ஆரு? நாந்தான்." மீசையைத் தடவினான். "பள்ளிக்கூடத்துல ராசா வேசம் கட்டுனவனாச்சே. அன்னைக்கு என்ற புள்ளையப் பொண்ணு கேட்டு மோகனூர்ல இருந்து ஒறம்பரை வாராங்க. அவிங்களும் பாக்கட்டும், நாச்சிமுத்து எப்படித் தொழில் பண்றான்னு."

அவன் கையைத் தூக்கி நின்றான். அவள் அளவு எடுத்தாள். நெஞ்சைச் சுற்றி டேப்பைப் போடும்போது அதை இன்னும் கொஞ்சம் மேலே, கழுத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. தோன்றியதற்காக அவள் வெட்கப்படவில்லை.

அவளுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று சொல்லாமல் மேலே போனால் அவள் பொல்லாதவள் ஆகிவிடுவாள். எழுபதாம் வருஷம் இந்த நாச்சிமுத்துவுக்கும் அவளுக்கும் உறுதி வார்த்தை நடந்தது. வெற்றிலை மாற்றி, இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி, கல்யாணத்துக்கு நாள் பார்த்தாயிற்று. அதற்குள் திருச்செங்கோட்டு ரிக்காரர் வீட்டுப் பெண் கண்ணில் பட்டுவிட்டாள். கொடுத்த வார்த்தையைச் சும்மா முறிக்க முடியாது. சபையில் காரணம் கேட்பார்கள். அவன் சபையில் நின்று கூசாமல் ஒரு காரணம் சொன்னான். "பொண்ணுக்குக் காக்கா வலிப்புங்க. ஆத்தங்கரையில உளுந்து கையுங்காலும் இளுத்துக்கிட்டுக் கெடந்ததை என்ற கண்ணால பார்த்தேன்."

அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். வலிப்பு இல்லை என்பதை எதைத் தொட்டுக் காட்டுவது? வந்ததே இல்லை என்று அப்பா கதறினார். இனிமேல் வராது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்டார்கள். அதற்கப்புறம் அவள் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்தில் உட்காருகிற பொம்பளை இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துக் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துக்கொள்வாள். வலிப்புக்கு இரும்பு கொடுக்க வேண்டுமே. கண்ணாத்தாள் கொட்டாவி விட்டால் போதும், உள்ளங்கையில் சில்லென்று சாவி வந்து விழும். "புடிச்சுக்க சாமி. இரும்பு நல்லது." எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

அவளோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. ரத்தத்தில் இருக்கிற வியாதி என்றார்கள். தங்கை சௌந்திரத்தைக் கேட்டும் யாரும் வரவில்லை. கடைசியில் மோகனூரில் மூன்று பிள்ளைகளோடு பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு ஆளுக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். அந்த ஆள் போன வருஷம் செத்தான். மூத்தாள் பிள்ளைகள் அவளைக் கைகழுவினார்கள். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். தன் கல்யாணத்தன்றும் சௌந்திரம் அழவில்லை, திரும்பி வந்த அன்றும் அழவில்லை. அழுதிருந்தால் கண்ணாத்தாளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பொய் சொன்ன அதே வாய், நாலு பேர் காதில் விழ, "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷமாக அவளிடம் இருந்தது ஆசை மட்டும். வழி இல்லை.

வழியை அவனே சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து மேசையில் விரித்துவிட்டுப் போயிருந்தான்.

அக்காவும் தங்கையும் அந்தப் படத்தை நாள் முழுக்கப் பார்த்தார்கள். சௌந்திரம்தான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏனக்கா, இதுல ஒரு பொத்தானக் கூடக் காணமே?"

நிஜம்தான். பொத்தான் இல்லை, கொக்கி இல்லை, பட்டி இல்லை. ஜப்பான்காரன் எல்லாவற்றையும் கயிற்றால் கட்டியிருந்தான். தோளுக்குப் பின்னால் கட்டு, அக்குளுக்குக் கீழே கட்டு, முதுகில் கட்டு, முகமூடிக்குப் பிடரியில் கட்டு.

"இதைப் போட்டுக்கிட்டா எப்படிக் களட்டுவான்?"

"களட்ட முடியாது. இன்னொரு ஆளுதான் அவுத்து உடோணும்" என்றாள் கண்ணாத்தாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சௌந்திரம் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள், விசேஷ நாள் மாதிரி.

லாரி சீட்டுக்குப் போடுகிற கறுப்பு ரெக்சினை நாமக்கல்லிலிருந்து வாங்கி, தகரப் பட்டைகளுக்குமேல் ஒட்டினாள். காகிதக் கூழில் முகமூடி செய்து இரும்பு வர்ணம் அடித்தாள். கொம்புகளை ஆசாரியிடம் கொடுத்துக் கடைந்து வாங்கினாள். கயிற்றுக்கு மட்டும் சேலம் அம்மாபேட்டைக்கே ஆள் விட்டாள். நைலான் கயிறு கடைவீதியிலேயே கிடைக்கும். அவளுக்கு வேண்டியது முறுக்கின பருத்திக் கயிறு, சிவப்புச் சாயம் போட்டது. கிணற்றில் தண்ணீர் சேந்தின எந்தப் பொம்பளைக்கும் தெரியும், பருத்திக் கயிறு நனைந்தால் இறுகும், இறுகின முடிச்சை நகம் பெயர்ந்தாலும் அவிழ்க்க முடியாது. ஆடி வெயிலில், ரெக்சினுக்குள், நாச்சிமுத்து மாதிரி ஒரு உடம்பு வேர்க்காமல் இருக்குமா?

ஆடிப் பதினெட்டன்று ஜேடர்பாளையத்தில் தலைமேல் தலை. அணைக்குக் கீழே காவிரி இரு கரையும் தொட்டுப் போனது. புதுத் தண்ணீரில் முங்கி எழுந்த ஈரத்தோடு சனம் கடைகளைச் சுற்றியது. வீடியோ கேம் கொட்டகை வாசலில் ஒரு மேடை, மேடையில் மைக், மேலே குழாய் ஒலிபெருக்கி. உள்ளே வரிசையாக மிசின்கள் குய்யோ முறையோ என்று கத்தின.

கொட்டகைக்குப் பின்னால் படுதா மறைவில் சௌந்திரம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, கண்ணாத்தாள் அவனுக்கு உடுப்பைக் கட்டினாள். ஒவ்வொரு கட்டையும் முழங்காலை அவன் முதுகில் ஊன்றி இழுத்துக் கட்டினாள். கையுறைக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருந்தாள். விரல் ஐந்தும் ஒரே கட்டியாக நின்றன.

"இறுக்கமா இருக்குது அம்மிணி."

"படத்துல அப்படித்தானுங்க இருக்குது. தொளதொளன்னு இருந்தா கொம்பனாட்டம் இருக்காது. கூத்தாடிப் பையனாட்டம் இருக்கும்."

அவன் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினான்.

மேடை ஏறினான். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்: பிரமாதமாக இருந்தான். வெயில் தகரத்தில் பட்டுத் தெறித்தது. கொம்பு இரண்டும் வானத்தைக் குத்தின. மைக்கில் அவன் உறுமியபோது முன்வரிசைப் பிள்ளைகள் அம்மாக்களின் சேலைக்குள் ஓடினார்கள், பிறகு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். "கொம்பா! கொம்பா!" என்று கூட்டம் கத்தியது. நாச்சிமுத்துவின் மகள் ராசாத்தி, பதினேழு வயசுப் பெண், பட்டுப் பாவாடை தாவணியில் ஓரமாக நின்று வெட்கப்பட்டுச் சிரித்தாள். கண்ணாத்தாள் அந்தப் பெண் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

உச்சிப்பொழுதுக்கு அவன் தள்ளாடிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் வந்தான். முகமூடிக்குள் மூச்சு கொல்லன் துருத்தி மாதிரி இரைந்தது.

"அம்மிணி, சித்த அவுத்து உடு. நெஞ்சப் புடிக்குது."

கண்ணாத்தாள் மடியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "உடறனுங்க. அதுக்கு முன்னால மைக்குல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாங்க. எழுவதுல சபையில எனக்கு வலிப்புன்னு சொன்னீங்களே, அது பொய்யின்னு சொல்லுங்க."

முகமூடிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் கழித்து, அந்த நிலைமையிலும், அவன் சிரித்தான். "அதையா இன்னும் சொமந்துக்கிட்டுத் திரியற? பைத்தியக்காரி. நீ அவுக்காட்டி என்ற பசங்க அவுப்பானுக."

திரும்பி மேடைக்குப் போய்த் தன் ஆட்களைக் கூப்பிடக் கையை ஆட்டினான். மூச்சு வாங்கிய குரல் முகமூடிக்குள் குழைந்து மைக்கில் உறுமலாகத்தான் வந்தது. கொம்பன் மறுபடி ஆட வந்துவிட்டான் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. கையை ஆட்ட ஆட்டக் கைதட்டினார்கள். ஆற்றிலிருந்து அப்படியே வந்த பையன்கள் குடத்துத் தண்ணீரை எடுத்து அவன் மேல் வீசினார்கள். "செத்துப் போடா கொம்பா!" இன்னொரு குடம். இன்னொன்று. அம்மாபேட்டைக் கயிறு குடிக்கிற அளவுக்குக் குடித்தது.

அவன் நெஞ்சைப் பிடுங்கினான். பஞ்சுக் கையில் கயிறு அகப்படவில்லை. பிடரிக்குக் கையைக் கொண்டுபோனான். தோள் தகடு தடுத்தது. கால் பாவாடையில் சிக்கி மேடையில் மல்லாந்து விழுந்தான். விழுந்தவன் எழ முடியாமல் கையையும் காலையும் உதறினான். தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. முகமூடியின் இளித்த பல் வழியாக எச்சில் நுரையோடு தண்ணீர் வழிந்தது. தொண்டையில் கொர்கொர் என்று ஒரு சத்தம், அது மைக்கில் ஏறி அணை வரைக்கும் கேட்டது.

கைதட்டல் நின்றது. பிறகு ஒரு பொம்பளையின் குரல் கீச்சென்று எழுந்தது.

"ஐயோ, காக்கா வலிப்பு! இரும்பக் குடுங்க!"

இது கண்ணாத்தாள் போட்ட திட்டத்தில் இல்லை. அவன் கெஞ்சுவான், தான் கேட்டதைச் சொல்வான், அவிழ்த்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்படி ஒன்று தானாக வந்து காலடியில் விழும் என்று அவள் கனவிலும் கண்டதில்லை. அவள் அசையாமல் நின்றாள். உள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்துகொண்டே போனது. இவ்வளவு சந்தோஷம் தன் உடம்பு தாங்குமா என்று அவளுக்கே பயமாக இருந்தது.

நாலாபக்கமிருந்தும் சாவிக் கொத்துகள் வந்தன. ஒருவன் அரிவாளைக் கொடுத்தான். ஒரு லாரி டிரைவர் ஸ்பேனரை அவனுடைய பஞ்சுக் கைக்குள் திணித்தான். கட்டை அவிழ்க்கப் போன ஒருவனை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். "தொடாதப்பா! வலிப்பு வந்தவனத் தொடப்படாது, தானாத் தெளியோணும்!" முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். இன்னும் அடித்தார்கள். கயிறு இன்னும் இறுகியது.

"அப்பா!" என்று அலறிக்கொண்டு ராசாத்தி மேடையில் ஏறினாள். அப்போதுதான் மோகனூர் உறம்பரை வந்து சேர்ந்தார்கள்: மாப்பிள்ளையின் அப்பா செங்கோட்டையன், அம்மா ஆராயி, கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. மேடையில் கிடப்பது யார் என்று யாரோ சொன்னார்கள். செங்கோட்டையன் மனைவியைப் பார்த்தார். ஆராயி தட்டை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மேடைக்குப் போனாள், இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை உருவினாள். நாச்சிமுத்துவிடம் போகவில்லை. அழுதுகொண்டிருந்த ராசாத்தியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து மூடினாள்.

"புடிச்சுக்க சாமி" என்றாள் அன்பாக. "இரும்பு நல்லது."

அந்தச் சாவியின் குளிர்ச்சி கண்ணாத்தாளின் கையில் அடித்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மேடையில் முழங்காலிட்டு முகமூடிக் கயிற்றில் கத்தரியைக் கொடுத்தாள். முகமூடி கழன்றது. உள்ளே நாச்சிமுத்துவின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வாயைத் திறந்து காற்றை விழுங்கினான்.

நெஞ்சுக் கட்டை அவள் வெட்டவில்லை. மைக்கை எடுத்து அவன் வாயருகே வைத்தாள்.

"சொல்லுங்க."

அவன் கண் ராசாத்தியின் மூடின கைக்குப் போனது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன்தானே அந்தச் சாவியை ஊரில் முதலில் நடமாட விட்டவன்.

"எனக்கு வலிப்பு இல்லீங்க" என்றான் ஒலிபெருக்கியில். குரல் உடைந்தது. "கண்ணாத்தாளுக்கும் இல்லீங்க. அன்னைக்குச் சபையில நான் சொன்னது பொய்யிங்க."

பதினெட்டு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. காவிரிக்கு மேலே போய் எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. கண்ணாத்தாள் கூட்டத்தைப் பார்த்தாள்.

"பாவம்" என்றார் ஒருவர். "தெளிஞ்சும் தெளியாம உளர்றாப்ல."

"வலிப்புக்காரன் எவன் எனக்கு வலிப்பு இருக்குதுன்னு ஒத்துக்குவான்?" என்றார் இன்னொருவர். தலைகள் ஆமோதித்தன.

நாச்சிமுத்து அவள் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தான். பஞ்சுக் கை வழுக்கியது. "நீ சொல்லு அம்மிணி. நீ சொன்னா நம்புவாங்க. என்ற புள்ளை..."

சொல்லாமல் இருக்கலாம். எழுந்து போய்விடலாம். அவன் எவ்வளவு கத்தினாலும், அவள் அப்பா கத்தினது போலத்தான் போகும். அந்த நினைப்பு அவள் நாக்கில் கற்கண்டு மாதிரி இருந்தது. கரையட்டும் என்று கொஞ்சநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு ராசாத்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள் கண்ணாத்தாள்.

"இவருக்கு வலிப்பு இல்லீங்க. இது நான் கட்டுன கட்டு. வேணுமின்னேதான் இறுக்கிக் கட்டுனேன். தண்ணி பட்டா இறுகற கயிறு. பாருங்க." நெஞ்சுக் கட்டை வெட்டினாள், அக்குள் கட்டை வெட்டினாள். தகரம் கழன்று விழுந்தது. தடித்துச் சிவந்த கயிற்றுத் தடம் எல்லோருக்கும் தெரிந்தது. "எனக்கும் வலிப்பு வந்ததில்லீங்க. கேட்டுக்கிட்டீங்களா?"

கேட்டுக்கொண்டார்கள். சிலர் அவளைத் திட்டினார்கள். சிலர் நாச்சிமுத்துவைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். செங்கோட்டையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பொதுவாகச் சொன்னார். ராசாத்தி கையை நீட்டினாள். ஆராயி அந்தச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "இருக்கட்டும் சாமி, வெச்சுக்க" என்றாள்.

சாயங்காலம் பரமத்தி வேலூர் பஸ்ஸில் அக்காவுக்கும் தங்கைக்கும் உட்கார இடம் கிடைத்தது. கண்ணாத்தாள் வெறுங்கையை மடியில் விரித்து வைத்திருந்தாள். கையில் யாரும் எதையும் திணிக்கவில்லை. எத்தனை இலேசாக இருக்கிறது என்று சொல்லத் திரும்பினாள்.

முன்சீட்டில் ஈரத் தலையோடு இரண்டு பொம்பளைகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கொம்பு வெச்சுக்கிட்டு ஜப்பான் வேசம் போட்டானே, ரிக்கு வண்டிக்காரன். அவனுக்குக் காக்கா வலிப்பாமா. மேடையிலயே இளுத்துக்கிச்சு."

"கேட்டேன், கேட்டேன். ஊட்டுல கல்யாணத்துக்கு ஒரு புள்ள வேற இருக்குதாமே. ரத்தத்துல இருக்கற வியாதியாச்சே, ஆரு கட்டுவா?"

கண்ணாத்தாள் நிமிர்ந்து அந்தப் பொம்பளையின் தோளைத் தொடக் கையை நீட்டினாள். சௌந்திரம் அந்தக் கையை நடுவழியில் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"சும்மா இரு அக்கா."

"அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு சௌந்திரம்? அதுக்குப் பதினேழு வயசு."

சௌந்திரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"எனக்கும் அப்பப் பதினேழுதானக்கா" என்றாள்.

பிடித்த கையை அவள் விடவில்லை. முன்சீட்டுப் பேச்சு அடுத்த ஊருக்கும் அதற்கடுத்த ஊருக்கும் பஸ்ஸோடு போய்க்கொண்டிருந்தது. வேலூர் வந்து இறங்குகிற வரைக்கும் கண்ணாத்தாள் வாயைத் திறக்கவில்லை.